கையால் புதுப்பிக்கக்கூடிய மெருகு

(நூலக வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



‘வீட்டிலேயே தச்சு வேலை’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். அறுப்பது, இழைப்பது, பொருத்துவது என்று அதில் நாலைந்து கூட்டத்துக்கு விஷயம் இருக்கிறது. எனக்குக் கிடைத்திருப்பது ஒரு மாலைப்பொழுது. ஆகவே மரத்துக்கு மெருகேற்றும் வேலையை மட்டும் இன்றைக்கு எடுத்துக்கொள்கிறேன். காரணம் இருக்கிறது. முக்காலி, புத்தக அடுக்கு, சாமி மணை, ஊஞ்சல் பலகை என்று சிறிய சாமான்களைத் தாங்களே செய்துகொள்கிறவர்கள் இப்போது பெருகியிருக்கிறார்கள். மரத்தைப் பார்த்துப் பார்த்து வாங்குகிறார்கள், அளவெடுத்து அறுக்கிறார்கள், மூலைமட்டம் வைத்துச் சரிபார்க்கிறார்கள். எல்லாம் முடிந்ததும் பெயின்ட் கடைக்குப் போய், “நல்லா பளபளன்னு வர்ற மாதிரி ஏதாவது குடுங்க” என்று கேட்கிறார்கள். அத்தனை நாள் உழைப்பின் முகம் எப்படி இருக்க வேண்டும் என்பதைக் கடைக்காரர் முடிவு செய்கிறார்.

நான் சொல்ல வந்தது இதுதான். ஒரு பூச்சு முதல் நாள் எவ்வளவு மினுங்குகிறது என்பதை வைத்து அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஐந்து வருடம் கழித்து அதில் கீறல் விழும், தம்ளர் வைத்த வட்டம் பதியும், ஓரம் தேயும். அன்றைக்கு உங்கள் கையாலேயே அதைச் சரிசெய்ய முடியுமா என்று கேட்டுத் தேர்ந்தெடுங்கள். வீட்டில் வேலை செய்பவருக்கு இதைவிட நல்ல உரைகல் கிடையாது.

பூச்சைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் மரத்தைப் பற்றிக் கொஞ்சம். வெட்டிக் காயவைத்த மரமும் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கிக்கொண்டும் விட்டுக்கொண்டும்தான் இருக்கிறது. ஈரம் ஏறினால் பருக்கும், இறங்கினால் சுருங்கும். நீளவாட்டில் இந்த மாற்றம் இல்லை என்றே சொல்லலாம். அகலவாட்டில் உண்டு. பச்சைத் தேக்கை முழுதாக உலர்த்தினால் வளையத்தை ஒட்டிய திசையில் 6 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகவும், மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் சுமார் 2.5 சதவீதமும் சுருங்கும். மரங்களில் அடக்கமானது என்று பெயரெடுத்த தேக்குக்கே இந்தக் கணக்கு. ஒரு அடி அகலமுள்ள தேக்குப் பலகை, ஐப்பசி அடைமழைக்கும் சித்திரை வெயிலுக்கும் இடையில் 2 மில்லிமீட்டர் கூடிக் குறையக்கூடும்.

எந்தப் பூச்சும் இதை அடியோடு நிறுத்துவதில்லை. ஈரம் போய்வரும் வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். இதிலிருந்து இரண்டு விதிகள் கிடைக்கின்றன. ஒன்று, மேசைப் பலகையை நாலு பக்கமும் திருகாணி அடித்து இறுக்கக் கூடாது. நகர இடம் விட்டு, நீள்துளை போட்டுப் பிடிக்க வேண்டும். இரண்டு, மேல்பக்கத்துக்கு எத்தனை கை பூசுகிறீர்களோ அத்தனை கை அடிப்பக்கத்துக்கும் பூச வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பக்கம்தானே என்று அடியைப் பச்சையாக விட்டால் அந்தப் பக்கம் வேகமாக ஈரம் குடிக்கும். பலகை கிண்ணம்போல் வளையும். பிறகு மரத்தின் மேல் பழி போட்டுப் பயனில்லை. பலகையின் வெட்டுமுனை பக்கங்களைவிடப் பல மடங்கு உறிஞ்சும். அங்கே இரண்டு கை கூடுதலாகக் கொடுங்கள். வாசல் கதவு முதலில் கீழ்விளிம்பில் உளுத்துப்போவது, கதவை மாட்டிய பிறகு அந்த விளிம்பை யாரும் பூசுவதில்லை என்பதால்தான்.

அடுத்து, உப்புத்தாள். மெருகில் முக்கால் பங்கு வேலை டப்பாவைத் திறப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. 80ஆம் நம்பரில் தொடங்கினால் 120, 180, 220 என்று படிப்படியாக ஏற வேண்டும். ஒவ்வொரு நம்பரும் முந்தைய நம்பர் போட்ட கீறலை அழிக்கத்தான் இருக்கிறது. 80இலிருந்து நேரே 220க்குத் தாவினால், பெரிய கீறல்கள் அப்படியே தங்கி, பூச்சு ஏறியதும் பளிச்சென்று தெரியும். தாளை விரலால் பிடித்துத் தேய்க்காமல் ஒரு சின்ன மரக்கட்டையில் சுற்றிக்கொள்ளுங்கள். ரேகை ஓடும் திசையிலேயே தேயுங்கள். தொடங்குமுன் பலகை முழுக்கப் பென்சிலால் மெல்லிய கிறுக்கல் போட்டுக்கொண்டால், எங்கே தேய்த்தோம், எங்கே விட்டோம் என்பது தெரியும். விளக்கை அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சம் பலகைமேல் சாய்வாக விழும்படி பாருங்கள். நேர்வெளிச்சத்தில் ஒளிந்திருந்த ஒவ்வொரு கோடும் நிழலோடு எழுந்து நிற்கும்.

220 முடிந்ததும் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிடுங்கள். படுத்திருந்த நார்கள் எழுந்து, பலகை கையில் சொரசொரக்கும். அதை அதே நம்பர் தாளால் இலேசாகத் தேய்த்து எடுத்துவிட்டால் பிறகு எழாது. பிளைவுட்டில் மட்டும் கை அடங்கியிருக்கட்டும். மேலே ஒட்டியிருக்கும் அலங்காரத் தோல் அரை மில்லிமீட்டர் கனந்தான் இருக்கும். ஓரத்தில் நாலு இழுப்பு அதிகமாகிவிட்டால் அடியிலுள்ள மரம் தெரிந்துவிடும்.

இனிப் பூச்சுக்கு வருவோம். கடையில் நூறு பெயரில் நூறு டப்பா இருந்தாலும் பெரும்பாலானவை மூன்று குடும்பத்துக்குள் அடங்கும். மரத்துக்குள் இறங்கி உறையும் எண்ணெய்கள். கரைப்பான் ஆவியாகிப் போனதும் மேலே தங்கும் அரக்கு வகை. இரசாயன மாற்றத்தால் இறுகிப் படலமாகும் பாலியூரித்தேன், மெலமைன் போன்றவை. மெழுகு இவற்றின்மேல் போடும் கடைசிக் கை. தனியாகப் பூசினால் தண்ணீருக்கு நிற்காது.

எண்ணெயை எடுத்துக்கொள்வோம். எல்லா எண்ணெயும் காய்வதில்லை. ஆளிவிதை எண்ணெய், டங் எண்ணெய் இரண்டும் காற்றிலுள்ள பிராணவாயுவைப் பிடித்து மெல்ல மெல்லக் கெட்டியாகின்றன. தேங்காய் எண்ணெய் எத்தனை மாதமானாலும் எண்ணெயாகவே இருக்கும். நல்லெண்ணெய், கடலை எண்ணெயை நம்பியும் பூச வேண்டாம். பிசுக்குப் பிடித்துச் சிக்கு வாடை அடிக்கும். காய்கறி நறுக்கும் பலகைக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் போதும். அதுவும் காயாது, ஆனால் சிக்கு வாடை வராது, மாதம் ஒருமுறை தடவிக்கொண்டே இருக்கலாம். கடையில் ‘டபுள் பாயில்டு’ என்று விற்கும் ஆளிவிதை எண்ணெயில் சீக்கிரம் காய்வதற்காக உலோக உப்புகள் சேர்த்திருப்பார்கள். சாப்பாட்டுச் சாமானுக்கு அது ஆகாது.

எண்ணெய் பூசும் முறை எளிது. தாராளமாகத் தடவுங்கள், கால் மணி நேரம் ஊறவிடுங்கள், மேலே நிற்பதை ஒரு சொட்டு விடாமல் துடைத்து எடுங்கள். துடைக்காமல் விட்டது பிசினாகி, தொட்ட கையெல்லாம் ஒட்டும். ஒரு நாள் இடைவெளி விட்டு மூன்று நான்கு கை போட்டால் மரத்தின் நிறம் ஆழமாகி வரும். பிறகு கீறல் விழுந்தாலும் கவலை வேண்டாம். அந்த இடத்தை மட்டும் உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி எண்ணெய் தடவினால் வேலை முடிந்தது.

ஆனால் ஓர் எச்சரிக்கையைக் கேட்டுக்கொள்ளுங்கள். இன்று நான் பேசியதில் வேறெதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். ஆளிவிதை எண்ணெய் உறையும்போது வெப்பத்தை வெளியிடுகிறது. பலகையில் அந்த வெப்பம் காற்றோடு போய்விடும். துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போட்டால் வெப்பம் உள்ளேயே சேர்ந்து, தீக்குச்சி இல்லாமலே துணி பற்றிக்கொள்ளும். 1991 பிப்ரவரி 23 அன்று அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடம் தீப்பிடித்தது. மரவேலைக்குப் பயன்படுத்திய ஆளிவிதை எண்ணெய்த் துணிகள் 22ஆவது மாடியில் கிடந்தன. அவைதான் தானாகப் பற்றின. தீயணைப்பு வீரர்கள் மூவர் உயிரிழந்தார்கள். ஆகவே, துடைத்த துணியை வெளியில் கொடியில் விரித்துக் காயப்போடுங்கள், அல்லது வாளித் தண்ணீரில் அமிழ்த்தி வையுங்கள். குப்பைக்கூடையில் சுருட்டிப் போடவே போடாதீர்கள்.

இரண்டாவது குடும்பமான அரக்கைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச விரும்புகிறேன். நம் நாட்டுப் பொருள் அது. நம் வீடுகளில் மறைந்துகொண்டிருக்கும் பொருளும் கூட. புரசு, இலந்தை, குசும் போன்ற மரங்களின் இளங்கிளைகளில் அப்பிக்கொண்டு சாறு குடிக்கும் சிறு பூச்சிகள் தங்களைச் சுற்றிச் சுரக்கும் பிசின்தான் அரக்கு. அதைச் சுரண்டி, கழுவி, உருக்கி, மெல்லிய தகடாக இழுத்து நொறுக்கினால் அவலரக்கு. செல்லாக் என்று கடையில் கேட்டாலும் தெரியும். ஜார்க்கண்டும் அதைச் சுற்றியுள்ள மாநிலங்களும் இதன் தாயகம். ராஞ்சிக்குப் பக்கத்தில் இதற்கென்றே 1924இல் ஆராய்ச்சி நிலையம் அமைத்தார்கள். வினைல் வருவதற்கு முன் நம் தாத்தாக்கள் கேட்ட கிராமபோன் தட்டுகள் பெரும்பாலும் இந்த அரக்கைச் சேர்த்துச் செய்தவைதான். கர்நாடகத்துச் சென்னபட்டணாவில் வெட்பாலை மரத்தைக் கடைசல் இயந்திரத்தில் சுழலவிட்டு, வண்ண அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துகிறார்கள். உராயும் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் பரவுகிறது. பிறகு தாழை மடலால் அழுத்தித் தேய்த்தால் கண்ணாடி மெருகு வந்துவிடுகிறது. தூரிகையும் இல்லை, தின்னரும் இல்லை. நம் அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமானும் கடைசலும் அரக்கும் சேர்ந்து பிறப்பதுதான்.

வீட்டில் செய்யும் முறை இது. அரை லிட்டர் பாலிஷ் ஸ்பிரிட்டுக்கு 100 கிராம் அவலரக்கு. கண்ணாடிப் பாட்டிலில் போட்டு இரவு முழுக்க ஊறவிட்டு, நடுநடுவே குலுக்கி, மறுநாள் துணியில் வடிகட்டுங்கள். உலோக டப்பா வேண்டாம், அரக்கு கறுத்துப்போகும். பாட்டிலின்மேல் தேதி எழுதி ஒட்டுங்கள். கரைத்த அரக்கு ஆறு மாதத்துக்குமேல் நம்பத்தக்கதல்ல. பழையது காயாமல் பிசுபிசுக்கும். சந்தேகம் வந்தால் கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். சிறிது நேரத்தில் நகத்துக்குக் கெட்டியாக இருந்தால் பயன்படுத்தலாம்.

துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன வேட்டித் துணியில் ஒரு பிடி பஞ்சை வைத்து, உள்ளங்கைக்குள் அடங்கும் பொட்டலமாகக் கட்டுங்கள். அடிப்பக்கம் ஒரு சுருக்கமும் இல்லாமல் வழவழவென்று இருக்க வேண்டும். பஞ்சுக்குள் அரக்கை ஊற்றிப் பிழிந்தால் துணி ஈரமாக இருக்கும், சொட்டாது. விமானம் இறங்கி ஓடி ஏறுவதுபோல், பலகையின் ஒரு முனைக்கு வெளியிலிருந்து வந்து தொட்டு, ரேகையோடு ஒரே இழுப்பாகப் போய், மறுமுனையில் கையைத் தூக்கிவிடுங்கள். நடுவில் நிறுத்தினால் துணி ஒட்டித் தடம் விழும். ஈரமாக இருக்கும் இடத்துக்கு மறுபடி போகாதீர்கள். ஒரு கோடு விட்டுப்போனால் அடுத்த கையில் பார்த்துக்கொள்ளலாம். வறண்ட நாளில் இருபது நிமிடத்தில் அடுத்த கை போடலாம். இரண்டு மூன்று கைக்கு ஒருமுறை பழைய 320ஆம் நம்பர் தாளால் தடவிக் கொடுத்தால், ஆறேழு கையில் தேக்கின் கோடுகள் உள்ளிருந்து எழுந்து வருவதைப் பார்ப்பீர்கள்.

மழைநாளில் இந்த வேலை வேண்டாம். ஸ்பிரிட் வேகமாக ஆவியாகும்போது பலகை குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிந்து, பூச்சு பால்போல் வெளுத்துவிடும். நம் ஊரில் தை முதல் பங்குனி வரை இதற்கு ஏற்ற காலம். அப்போதும் நிழலில் செய்யுங்கள். உச்சிவெயிலில் பூசினால் கொப்புளம் கிளம்பும்.

அரக்குக்குக் குறையும் உண்டு. சூடான பாத்திரம் வைத்தால் இளகும். ஈரத் தம்ளர் வெள்ளை வட்டம் போடும். ஸ்பிரிட்டோ சானிடைசரோ சிந்தினால் கரைந்தேவிடும். ஆனால் அந்தக் கரையும் குணத்தில்தான் அதன் பெருமையும் இருக்கிறது. இன்று பூசும் அரக்கு, பத்து வருடத்துக்கு முன் பூசிய அரக்கைக் கரைத்து, அதனோடு ஒன்றாகக் கலந்துவிடும். பழைய கை எது, புதிய கை எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. வெள்ளை வட்டம் விழுந்த இடத்தில் ஸ்பிரிட் தொட்ட துணியால் இலேசாக ஓர் இழுப்பு இழுத்தால் பெரும்பாலும் மறைந்துவிடும். எண்பது வயதான நாற்காலியையும் சுரண்டாமல் புதுப்பிக்கலாம்.

மூன்றாவது குடும்பத்தின் இயல்பு வேறு. பாலியூரித்தேனும் மெலமைனும் இறுகும்போது மூலக்கூறுகள் ஒன்றோடொன்று வலைபோல் பின்னிக்கொள்கின்றன. அதனால் சூட்டையும் தண்ணீரையும் தாங்குகின்றன. சாம்பாரும் ரசமும் சிந்தும் சாப்பாட்டு மேசைக்கும் குளியலறைக் கதவுக்கும் பாலியூரித்தேனே பொருத்தம் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இறுகிய படலத்தைச் சாதாரணக் கரைப்பான்கள் மறுபடி கரைக்காது. புதுக் கை பழையதோடு சேராமல் மேலே உட்காரும். ஆழமான கீறல் ஒன்று விழுந்தால் அந்தப் பலகை முழுவதையும் தேய்த்தெடுத்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டு பாகமாகக் கலக்கும் பாலியூரித்தேனின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அதை ஸ்பிரே செய்யும்போது சுவாசித்தால் ஆஸ்துமா வரக்கூடும். தகுந்த முகமூடியும் காற்றோட்டமும் உள்ள பட்டறையில் செய்ய வேண்டிய வேலையைப் படுக்கையறை ஓரத்தில் செய்யாதீர்கள். வெயிலும் மழையும் படும் வெளிக்கதவுக்குத் தெளிவான பூச்சு எதுவும் நீண்டநாள் நிற்பதில்லை. புற ஊதாக் கதிர் பூச்சைத் தாண்டிப் போய் மரத்தைச் சிதைத்து, படலம் உரிந்துவிடும். அந்த இடத்துக்கு நிறமிகள் நிறைந்த பெயின்ட்தான் காப்பு.

நிறத்தைப் பற்றியும் ஒரு சொல். பூவரசையோ வேம்பையோ கருங்காலிபோல் கறுப்பாக்க வேண்டும் என்று தோன்றினால் சாயப்பொடி தேட வேண்டியதில்லை. கடுக்காய்ப் பொடியைத் தண்ணீரில் கொதிக்கவைத்து வடிகட்டி மரத்தில் பூசிக் காயவிடுங்கள். துரு ஏறிய ஆணிகளை வினிகரில் ஒரு வாரம் ஊறவைத்து, வடிகட்டிய நீரை அதன்மேல் பூசுங்கள். பாட்டிலை இறுக மூடாதீர்கள், உள்ளே வாயு உண்டாகும். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்த கணத்திலிருந்து மரம் சாம்பலாகி, நீலம் பாய்ந்து, சில நிமிடங்களில் கறுத்துவிடும். கலம்காரிக் கலைஞர்கள் கடுக்காயில் தோய்த்த துணியில் இரும்பும் வெல்லமும் ஊறிய நீரால் கறுப்புக் கோடு இழுப்பதும் இதே வேதியியல்தான். தேக்கு போன்ற துவர்ப்புள்ள மரத்தில் ஈர இரும்பாணியைச் சுற்றிக் கறை படர்வதற்கும் காரணம் இதுவே. அங்கே பித்தளைத் திருகாணி போடுங்கள்.

பழைய மரத்தைத் தேடிப் போகிறவர்களுக்கும் சொல்ல இருக்கிறது. இடித்த வீடுகளின் கதவும் உத்தரமும் பழைய மரக்கடைகளில் கிடைக்கின்றன. காரைக்குடியில் தெருவே இருக்கிறது. பல பத்தாண்டுகள் நம் காற்றிலேயே பழகிய மரம் என்பதால் அது இனிமேல் முறுக்கிக்கொள்வது குறைவு. ஆனால் பழைய பெயின்ட் இருந்தால் உலர்வாகத் தேய்க்காதீர்கள், அதில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்குமேல் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. வெறும் மரத்தூளும் சாதாரணமானதல்ல. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை உறுதிப்பட்ட புற்றுநோய்க் காரணிகளின் பட்டியலில் வைத்திருக்கிறது. முகக்கவசம் இல்லாமல் உப்புத்தாளைத் தொட வேண்டாம். குழந்தைகளைப் பக்கத்தில் விட வேண்டாம்.

மரத்தை மதித்து வேலை செய்த ஒருவரைப் பற்றியும் சொல்கிறேன். புதுச்சேரிக்குப் போகிறவர்கள் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதியைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள். அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்த கட்டடம். அதன் வேலையைப் பார்த்துக்கொள்ள 1937இல் வந்தவர் ஜார்ஜ் நகஷிமா. 1939 வரை அங்கே இருந்தார். அரவிந்தர் அவருக்கு சுந்தரானந்தா என்று பெயர் வைத்தார். அங்குள்ள தேக்கு மரச்சாமான்கள் அவர் வடிவமைத்தவை. பின்னாளில் அமெரிக்காவில் உலகப் புகழ்பெற்ற தச்சராக ஆனபோது, பலகையிலிருந்த வெடிப்பை அவர் மக்கு வைத்து மூடவில்லை. வண்ணத்துப்பூச்சி வடிவச் சக்கையை அதன் குறுக்கே பதித்து, எல்லோரும் பார்க்கும்படி விட்டார். மரம் என்னவாக இருந்ததோ அதை மறைக்காமல் காப்பாற்றுவது அவர் கொள்கை. நம் கடற்கரை ஊரில் தன் ஆரம்ப வேலையைச் செய்த ஒருவரிடமிருந்து இதை நாம் எடுத்துக்கொள்ளத் தடையில்லை.

முடிக்கும் முன் ஒரு வேண்டுகோள். புதிதாக எதையும் செய்யத் தொடங்காதீர்கள். வீட்டில் கேட்பாரற்றுக் கிடக்கும் மணையையோ முக்காலியையோ எடுங்கள். பழுப்பேறிய மேல்பரப்பை முறையாகத் தேயுங்கள். அடிப்பக்கத்தையும் சேர்த்து அரக்கோ எண்ணெயோ பூசுங்கள். வருடத்துக்கு ஒருமுறை, பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது, அதற்கும் ஒரு கை போடுங்கள். பிள்ளைகளைக் கூட வைத்துக்கொண்டு செய்யுங்கள். ஒரு பொருளை வாங்கவும் எறியவும் மட்டும் தெரிந்த தலைமுறையாக அவர்கள் வளர வேண்டாம். பழுது பார்க்கவும் தெரியட்டும். செய்ததை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள், குறை நிறையைச் சேர்ந்து பார்ப்போம்.